சீனத்துப் பழங்கதையை வித்தாக வைத்து நம்ம ஊர்க் கதை எழுதுவது எப்படி?

வாவிக்கரை:

ஆறு சிறுகதை எழுதும் யோசனை. ஒவ்வொன்றும் 1200 சொல் வரை. வித்து சீனத்து மாயக் கதைகள், களம் முழுக்க மட்டக்களப்பும் அம்பாறையும். மூன்று வரைவு முடிந்துவிட்டது. மூன்றும் பள்ளிக்கூட மேடையில் வேசம் கட்டிவிட்ட பிள்ளைகள் மாதிரித்தான் நிற்குது.

உதாரணத்துக்கு யே ஷியென் என்ற பொண்ணின் கதை. சிற்றன்னைக் கொடுமை, உதவுகிற மீன், தொலைந்துபோன பொன் செருப்பு. மீனைப் பாடுமீன் ஆக்கினேன், ராசாவைப் போடியார் (பெரிய காணிக்காரர்) மகன் ஆக்கினேன், செருப்பைக் கொலுசு ஆக்கினேன். சாமான் எல்லாம் நம்ம ஊர்ச் சாமான்தான். ஆனா கதை நம்ம ஊரில் நடக்கல்ல.

எங்க பிழைக்குது? வேறு எந்தக் கதைகள் நம்ம மண்ணுக்குப் பிடிக்கும்? ஆங்கிலத்தில் வாசிப்பதென்றால் எதை நம்பலாம்? பெயர் உச்சரிப்பும் ஒரு தலையிடி. தெரிந்தவங்க கொஞ்சம் விளக்கமாச் சொல்லுங்க.

—

படுவான்கரையான்:

சாமானை மாற்றியிருக்கிறீங்க, காரணத்தை மாற்றல்ல. சிற்றன்னை ஏன் அந்தப் பிள்ளையை வதைக்கிறா? சீனத்தில் சொன்ன காரணம் நம்ம எழுவான்கரையில் செல்லுமா? இதைக் கேட்காமல் கொலுசுக்குப் போனால் ஒட்டாது.

முதலில் மூலக் கதையை முழுசாப் பாருங்க, ஏனென்றால் சிறுவர் புத்தகங்களில் பாதிதான் இருக்கும். 9ஆம் நூற்றாண்டில், தாங் அரசமரபுக் காலத்தில், துவான் செங்ஷி என்றவர் எழுதிவைத்தது. குகைத் தலைவன் வூ, அவனுக்கு இரண்டு மனைவி. ஒருத்தி மகளை விட்டுச் செத்துப்போறா. பிறகு தகப்பனும் போயிடுறான். பிள்ளை சிற்றன்னை கையில். தண்ணி அள்ளப் போன இடத்தில் இரண்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடின மீன் ஒன்று கிடைக்குது. சிவந்த செட்டை, பொன் கண். கிண்ணத்தில் வளர்க்கிறாள், கிண்ணம் போதாமல் போக மாற்றி மாற்றி வைத்து, கடைசியில் குளத்தில் விடுகிறாள். அவள் வந்தால் மட்டும் அந்த மீன் தலையைத் தூக்கிக் கரையில் தலையணை மாதிரிச் சாய்த்துப் படுக்கும். வேறு ஆள் வந்தால் வராது.

இனிக் கவனிங்க. சிற்றன்னை பிள்ளைக்குப் புதுச்சட்டை கொடுத்து, பழஞ்சட்டையைக் கழற்றி வாங்கி, தூரத்து ஊற்றுக்குத் தண்ணி அள்ள அனுப்பிவிட்டு, அந்தப் பழஞ்சட்டையைத் தான் போட்டுக்கொண்டு குளக்கரைக்குப் போறா. மீன் ஏமாந்து தலையை நீட்டுது. வெட்டுறா. இதுதான் கதையின் கீல். உடுப்பைப் பார்த்துத்தான் மீன் ஆளை அறியுது, பிறகு உடுப்பையும் செருப்பையும் பார்த்துத்தான் ராசாவும் ஆளை அறியப்போறான். ஒரே உடுப்பு முதலில் கொல்லுது, பிறகு தூக்கிவிடுது. உங்கட கொலுசு இந்தக் கீலில் மாட்டல்ல. கொலுசு வேணுமென்றால் மீன் ஏமாந்ததும் கொலுசுச் சத்தத்தாலதான் என்று வையுங்க. அப்ப பொருந்தும்.

அடுத்தது பாடுமீன். அதை விடுங்க. கல்லடிப் பாலத்தடியில் நிலவில் துடுப்பைக் காதில் வைத்துக் கேட்பது காதுக்கான சங்கதி. யே ஷியெனின் மீன் பாடாது, பேசாது. அது துணை, அவ்வளவுதான். அதுக்கு விரால் நல்லா வாய்க்கும். விராலுக்கு மூச்செடுக்க மேலே வந்தே ஆகணும், அதனால் தலை நீட்டுவது இயற்கையாகவே நடக்கும், மாயம் காட்டத் தேவையில்லை. ஆனா விரால் நன்னீர் மீன். களத்தை வாவியில் இருந்து ஒரு குளத்துக்கோ பாழ்ங்கிணற்றுக்கோ மாற்றணும்.

இனிக் காரணம். நம்ம பக்கம் வீடு பொண்ணுக்கு. தாய் வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும், மாப்பிள்ளை வந்து குடியிருப்பார். தமிழ் ஊரிலும் முஸ்லிம் ஊரிலும் இதே வழக்கம்தான். அப்ப செத்துப்போன முதல் மனைவியின் வீடு யாருக்குச் சேரும்? அந்தப் பிள்ளைக்கு. சிற்றன்னை குடியிருப்பது பிள்ளையின் வீட்டில். சிற்றன்னைக்கும் ஒரு மகள் இருக்கிறாள், அவளுக்கும் வீடு வேணும். ஒரு வீடு, இரண்டு குமர். இதை வைத்துவிட்டால் அவ கொடுமைக்காரியாகப் பல்லைக் கடிக்கத் தேவையில்லை, சோற்றுக் கோப்பையை வைக்கிற விதத்திலேயே தெரிஞ்சிடும். முடிவும் தானாகக் கிறுகும். சீனக் கதையில் ராசா அவளைத் தன் தீவுக்குக் கூட்டிக்கொண்டு போறான். நம்ம ஊரில் மாப்பிள்ளை வீட்டுக்கு வாறவன். எந்தப் பொண்ணின் காலுக்குச் செருப்புப் பொருந்துது என்றதைவிட, எந்தப் படலையால் அவன் உள்ளே வரப்போறான் என்றதுதான் இங்க கேள்வி.

கடைசித் துண்டு ஒன்று இருக்கு, பெரும்பாலும் விட்டுவிடுவாங்க. மீனின் எலும்பை எருக்குவியலுக்குள் இருந்து எடுத்து அறையில் ஒளித்து வைக்கிறாள், கேட்டதெல்லாம் அது கொடுக்குது. கல்யாணத்துக்குப் பிறகு ராசா பேராசையில் ஒரு வருசம் கேட்டுக் கேட்டு எடுக்கிறான். அடுத்த வருசம் எலும்பு பதில் சொல்லல்ல. கடற்கரையில் முத்துக்களால் மூடிப் புதைக்கிறான், ஒரு நாள் அலை கொண்டுபோகுது. 1200 சொல்லுக்கு எனக்கென்றால் இந்தத் துண்டு மட்டும் போதும். சிற்றன்னையும் வேண்டாம், செருப்பும் வேண்டாம். எலும்பு பேச மறுத்த வருசத்தில் தொடங்குங்க.

—

அக்கரையூர்க் காக்கா:

மேலே சொன்னது சரி. நான் சொல்லவாறது நடை பற்றி.

சீனத்தில் பழைய மாயக் கதைகள் பெரும்பாலும் 'ஒரு ஊரில் ஒரு ராசா' என்று தொடங்காது. அதிகாரி எழுதின குறிப்பு மாதிரி வரும். இன்ன மாவட்டம், இன்ன ஆண்டு, இன்னாருடைய மகன், சொன்னவர் இன்னார். யே ஷியென் கதையிலும் பாருங்க, தென்நாட்டில் இருந்து வந்து தன் வீட்டில் வேலை செய்த லீ ஷியுவான் சொன்னது என்று துவான் பேரோடு பதிஞ்சிருக்கிறார். அதிசயத்துக்கு ஆச்சரியக்குறி கிடையாது. பேய் வந்ததையும் நெல் விலை ஏறினதையும் ஒரே குரலில் சொல்லும். உங்கட வரைவு வேசம் கட்டின மாதிரி இருப்பதற்கு இதுதான் முக்கால்வாசிக் காரணமாயிருக்கும். மாயம் வரும்போது குரலை உயர்த்தியிருப்பீங்க.

இதுக்கு நல்ல பாடம் ஜிங்வெய் பறவை. மலைகளும் கடல்களும் பற்றிய மிகப் பழைய புவியியல் நூலில் வாற குறிப்பு, சீனத்தில் நூறு எழுத்துக்கு உள்ளேதான். ஒழுங்கைப் பாருங்க: வடக்கே இருநூறு லீ (சீனத்துத் தூர அளவு) போனால் ஒரு மலை. அதில் இன்ன மரம் நிறைய. அங்க ஒரு பறவை, காகம் மாதிரி, தலையில் கோலம், வெள்ளை அலகு, சிவந்த கால். தன் பெயரைத்தான் கூவும். அது யான் பேரரசரின் இளைய மகள், கிழக்குக் கடலில் விளையாடப் போய் மூழ்கினாள், திரும்பல்ல. மேற்கு மலையின் சுள்ளியும் கல்லும் அலகில் கொண்டுவந்து கிழக்குக் கடலைத் தூர்க்குது. இன்ன ஆறு இந்த மலையில் பிறந்து கிழக்கே ஓடுது.

முடிஞ்சுது. ஆற்றோடு முடியுது. பிள்ளை செத்தது நடுவில் ஒரு வரி. அழுகை இல்லை, 'இன்றும் கூட' என்ற இழுப்பு இல்லை. மரத்துக்கும் ஆற்றுக்கும் நடுவில் அந்த வரியை வைத்ததாலதான் அது குத்துது.

நமக்கும் கடல் கிழக்கேதான். மேற்கே குடும்பிமலை இருக்கு. 2004 டிசம்பர் 26 பற்றி நாவலடியிலும் மருதமுனையிலும் கல்முனையிலும் எழுதியவங்க நிறையப் பேர். பலதில் அலை வாறதே கதையின் உச்சம். ஜிங்வெய்யில் அலையே இல்லை, பிறகு நடக்கிற வேலை மட்டும்தான். கடலுக்குக் கல் போடுகிற ஒரு சீவன். அந்த ஒரு செயலை மட்டும் எடுங்க. பறவையாகவே இருக்கட்டும், அல்லது தினமும் ஒரு செங்கல் துண்டோடு கரைக்குப் போகிற கிழவியாக இருக்கட்டும். ஏன் என்று கதைக்குள்ள யாரும் கேட்கக் கூடாது, கேட்டால் உடனே வசனம் பேசத் தொடங்கிடும்.

எழுதுவதற்கு ஒரு வழி: ஜீஎஸ் (கிராம சேவகர்) மேலிடத்துக்கு அனுப்புகிற அறிக்கை போல 250 சொல்லில் முதலில் எழுதுங்க. இடம், எல்லை, மரம், சீவன், சீவனின் காரணம், வாய்க்கால். உவமை ஒன்றும் போடாதீங்க. அழகு, சோகம், மர்மம், அதிசயம் என்ற நாலு சொல்லுக்கும் தடை. பிறகு அதை 1200க்கு வளர்க்கும்போது காட்சியைக் கூட்டுங்க, உணர்ச்சிச் சொல்லைக் கூட்டாதீங்க.

கச்சேரி (அரச அலுவலகம்) அறிக்கை என்றதும் இன்னொன்று ஞாபகத்துக்கு வருது. சீனக் கதைகளில் மேலுலகமும் கீழுலகமும் அரச அலுவலகம்தான். அடுப்படித் தெய்வம் வருசம் முழுக்க வீட்டைப் பார்த்துவிட்டு, சந்திர வருசத்தின் கடைசி மாதம் 23 அல்லது 24இல் மேலே போய் அறிக்கை கொடுக்கும். அறிக்கை இனிப்பாயிருக்கட்டும் என்று போறதுக்கு முன் அதன் வாயில் இனிப்புத் தடவுவாங்க. பூ சோங்லிங் என்ற பழைய எழுத்தாளரின் மாயக் கதைத் தொகுப்பில் முதல் கதையில் நோயில் கிடந்த ஒரு படித்தவரை நகரக் காவல்தெய்வப் பதவிக்குப் பரீட்சை எழுதக் கூப்பிடுறாங்க. நினைத்துச் செய்த நன்மைக்குப் பரிசில்லை, நினையாமல் செய்த தீமைக்குத் தண்டனை இல்லை என்று எழுதிப் பாஸாகிடுறார். நியமனம் கிடைக்குது. அப்பதான் இது செத்தபிறகு பார்க்கிற வேலை என்று விளங்குது. 'எனக்கு வயசான தாய் இருக்கிறா' என்று அழுறார். பதிவேட்டைப் புரட்டுறாங்க, தாய்க்கு இன்னும் ஒன்பது வருசம். சரி, அதுவரைக்கும் கூடப் பரீட்சை எழுதின மற்றவர் பதில் கடமை பார்க்கட்டும் என்று தீர்ப்பு!

பதில் கடமை, இடமாற்றக் கடிதம், கோவை (ஃபைல்) தவறிப்போனது, கையொப்பம் வைக்கிறவர் லீவு. இந்தச் சொற்களைப் பிறப்பில் இருந்தே கேட்டு வளர்ந்த ஊர் நம்மது. ஊர்க்காவல் தெய்வத்துக்கு இடமாற்றம் வந்தால் என்ன நடக்கும்? இதை எழுத சீன வாசனையே தேவையில்லை. ஒரு எச்சரிக்கை: கோயிலானாலும் பள்ளிவாசலானாலும் இருக்கிற இடத்தின் பெயரைப் போடாதீங்க. நக்கல் அலுவலகத்தின் மேல் விழணும், வணக்கத்தின் மேல் இல்லை.

—

வாவிக்கரை:

காக்கா, படுவான்கரையான், இரண்டு பேருக்கும் நன்றி. விரால் விசயம் மண்டையில் ஏறிட்டுது. இன்னும் இரண்டு கேள்வி. மந்திரத் தூரிகை வைத்திருக்கிற ஏழைப் பொடியன் கதையையும், நரிப்பெண் கதையை மோகினியாக மாற்றியும் எழுத யோசித்தேன். இது இரண்டும் சரிவருமா? லீ ஜி என்ற பொண்ணு பாம்பைக் கொன்ற கதையும் பட்டியலில் இருக்கு.

—

புத்தகப்பூச்சி:

தூரிகைக் கதையைத் தொடாதீங்க. மா லியாங் கதையை நாட்டுப்புறக் கதை என்று நிறைய இடத்தில் போட்டிருப்பாங்க. அது ஹொங் ஷுன்தாவ் 1950களில் எழுதினது. ஆசிரியர் உள்ள கதை, உரிமை இருக்கு.

இதே மாதிரி 'சீனக் கதை' என்று சுற்றுகிற வேறு சிலதும் சீனமில்லை. அலாவுதீன் கதை சீன நகரம் ஒன்றில் நடக்குது என்றுதான் தொடங்கும், ஆனா அலெப்போவில் இருந்து வந்த ஹன்னா தியாப் 18ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பாரிசில் கலான் என்ற பிரெஞ்சுக்காரருக்குச் சொன்னது. சீனப் பேரரசரும் குயிலும் வாற கதை 1843இல் டென்மார்க்கில் ஆண்டர்சன் எழுதினது. கிமோனோ, சாமுராய் வந்தால் அது யப்பான். நெருப்புக் கக்கும் ட்ராகன் ஐரோப்பா. சீனத்து ட்ராகன் தண்ணிக்காரன், மழை கொடுக்கிறவன், கடலுக்குள் அரண்மனை வைத்திருக்கிறவன். வேளாண்மை செய்கிற வட்டைக்குள் அவனைக் கொண்டுவர நினைத்தால் முன்மாரி பிந்துகிற வருசத்தில் கொண்டுவாங்க, பொருந்தும்.

நரிப்பெண்ணை மோகினி ஆக்கினால் கதை செத்துப்போகும். மோகினிக்கு ஒரு வேலைதான், மயக்கி இரத்தம் குடிக்கிறது. நரி அப்படியில்லை. நூற்றுக்கணக்கான வருசம் பயிற்சி செய்து மனித உருவம் எடுக்கும், அதுக்குக் குடும்பம் இருக்கும், மாமன் மச்சான் இருப்பாங்க, பகிடி விடும், வீட்டைப் பொறுப்பாக நடத்தும், சில கதையில் புருசனைவிட நேர்மையாக இருக்கும். பூ சோங்லிங்கில் நரி பெரும்பாலும் வெளியாள். ஊருக்குள் வந்து, ஊரை விட நல்லா வாழ்ந்து காட்டுகிற வெளியாள். அதுக்குச் சமமான ஆள் நம்ம ஊரில் யார் என்று தேடுங்க. பேயைத் தேடாதீங்க.

எதை வாசிப்பது: பூ சோங்லிங் (1640–1715) எழுதினது ஏறக்குறைய ஐநூறு கதை. அவர் செத்து ஐம்பது வருசத்துக்குப் பிறகு 1766இல்தான் அச்சானது. 1880இல் ஜைல்ஸ் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசம், ஆனா விக்டோரியா மகாராணி காலத்து ஆசாரம் பார்த்து நிறைய இடத்தை வெட்டியும் பூசியும் இருக்கிறார். மின்ஃபோர்ட் 2006இல் 104 கதையை வெட்டாமல் தந்திருக்கிறார். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரே கதையை வாசிங்க, எதை மறைத்தாங்க என்று தெரியும். மறைத்த இடத்தில்தான் அனேகமாக உங்கட கதை கிடக்கும். வரியை மட்டும் எடுக்காதீங்க, புதிய மொழிபெயர்ப்பின் வசனம் மொழிபெயர்த்தவருடைய சொத்து. கதை யாருக்கும் பொது.

பெயர்: குடும்பப் பெயர் முதலில் வரும். பழைய ஆங்கில எழுத்துமுறையும் இப்போதைய பின்யின் முறையும் வேறு வேறு என்பதால் ஒரே ஆள் இரண்டு பேராகத் தெரிவார். பின்யினில் எக்ஸ் என்ற எழுத்து நம்ம 'ஷி'க்குக் கிட்ட, கியூ என்றது 'ச்சி'க்குக் கிட்ட. தேடும்போது இரண்டு முறையிலும் தேடுங்க. உங்கட கதைக்குள் சீனப் பெயரே வரப்போறதில்லை, அதனால் இதில் நேரத்தைக் கொட்ட வேண்டாம்.

—

படுவான்கரையான்:

லீ ஜி பற்றி. 4ஆம் நூற்றாண்டில் கான் பாவ் தொகுத்தது. மலைப் பொந்தில் ஏழெட்டு ஜாங் நீளப் பாம்பு (ஒரு ஜாங் பத்துச் சீன அடி). வருசம் ஒரு பிள்ளையைப் பலி கொடுத்து ஒன்பது போயிட்டுது. ஆறு பொண்ணு உள்ள வீட்டில் லீ ஜி கடைசி. 'பொடியன் இல்லாத வீடு, நாங்க இருந்தும் பிரயோசனமில்லை, என்னை விற்றால் கொஞ்சம் காசாவது வரும்' என்று தானாகப் போறாள். வாளும் நாயும் கொண்டு போறாள். மாவும் தேனும் ஊற்றிய சோற்று உருண்டைகளைப் பொந்து வாயில் வைக்கிறாள். பாம்பு தின்ன வெளியே வர நாய் கடிக்குது, இவள் பின்னால் நின்று வெட்டுறாள். உள்ளே போய் ஒன்பது மண்டையோட்டையும் எடுத்துவந்து, 'நீங்க பயந்ததாலதான் தின்னப்பட்டீங்க, பாவம்' என்கிறாள்.

இதில் இரண்டு முடிச்சு. ஒன்று, பாம்பைக் கொல்வது. நாகத்துக்குப் பால் வைக்கிற ஊரில் பாம்பை வெட்டின பொண்ணை வீராங்கனை என்று யாரும் தோளில் தூக்கமாட்டாங்க. அதை மறைக்காதீங்க, அதையே கதையின் பிரச்சினை ஆக்கலாம். அல்லது பாம்புக்குப் பதிலாக வாவி முதலையை வையுங்க.

இரண்டாவது இன்னும் நல்லது. சீனத்தில் ஆறு பொண்ணு என்றால் வம்சம் இல்லை. நம்ம பக்கம் ஆறு பொண்ணு என்றால் ஆறு வீடு கட்டணும். பாரம் ஒன்றுதான், ஆனா கணக்கு வேறு. கடைசிப் பொண்ணு ஏன் தானாக முன்வாறாள் என்பதுக்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை, அஞ்சாவது வீட்டின் அத்திவாரம் வரைக்கும் காட்டி நிறுத்துங்க. அந்த மண்டையோட்டு வசனத்தையும் யோசிங்க. செத்த பிள்ளைகளைப் பார்த்து அப்படிச் சொன்னவள் நல்லவளா? மூலத்தில் அதுக்கு ஒரு விளக்கமும் இல்லை.

—

கொம்புமுறி:

எனக்கு ஒரு சந்தேகம். கண்ணகி குளிர்த்திப் பாட்டு, வசந்தன், வடமோடி தென்மோடிக் கூத்து என்று இவ்வளவு சேமிப்பு வீட்டுக்குள் கிடக்கும்போது ஏன் சீனாவில் போய் வித்துத் தேடணும்? நக்கலுக்குக் கேட்கல்ல.

—

புத்தகப்பூச்சி:

நியாயமான கேள்வி. பதில் ஒரு பக்கத்துக்குத்தான் சொல்ல முடியும்: நெருங்கின கதையில் நமக்குக் கீல் தெரியாது, பழக்கம் மூடிவிடும். தூரத்துக் கதையில் தெரியும். யே ஷியென் இல்லாமல் 'ஒரு வீடு, இரண்டு குமர்' என்று மேலே ஒருத்தர் எழுதியிருப்பாரா?

மற்றது, சீனம் அவ்வளவு தூரமும் இல்லை. சீனத் துறவி பாஹியான் 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தத் தீவில் இரண்டு வருசம் இருந்தார். புத்தர் சிலைக்கு முன்னால் ஒரு வியாபாரி வைத்த வெள்ளைப் பட்டு விசிறியைக் கண்டு, அது தன் நாட்டு விசிறி என்று தெரிஞ்சதும் கண்ணீர் விட்டதாக எழுதியிருக்கிறார். அவரே எழுதினது இன்னொன்று: ஆதியில் இந்தத் தீவில் மனிதர் இல்லை, ஆவிகளும் நாகங்களும்தான். வியாபாரிகள் வரும்போது அவை தங்களைக் காட்டாது. சாமானை வைத்து, விலையை எழுதி வைத்துவிடும். வாறவங்க விலையை வைத்துவிட்டுச் சாமானை எடுத்துக்கொண்டு போவாங்க. ஆளில்லாத சந்தை! பொத்துவில் பக்கம் ஒரு கரையில் இது இப்ப நடந்தால், விலை குறைத்து வைத்துவிட்டுப் போகிற முதல் ஆள் யார்? இதில் சீனர் எழுதினார் என்றதைத் தவிர வேறு சீனம் இல்லை.

1409 தேதியிட்ட காலிக் கல்வெட்டும் இருக்கு. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்தது, 1911இல் காலியில் கிடைத்தது, இப்ப கொழும்பு அருங்காட்சியகத்தில். ஒரே கல்லில் மூன்று மொழி. சீனத்தில் புத்தருக்குக் காணிக்கை, தமிழில் தெனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்கு, பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கு. மூன்று தரப்புக்கும் தங்களுக்குத்தான் கொடுத்தாங்க என்று நினைப்பு. இதை ஒரு கதையாக்க நம்மட மாவட்டங்களை விடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியாது.

—

கொம்புமுறி:

ஆளில்லாத சந்தையை நான் எடுத்துக்கொள்றேன், யாரும் தொடாதீங்க.

அப்ப ஆயனும் நெசவுப் பொண்ணும் கதை? ஏழாம் மாதம் ஏழாம் நாள் பால்வீதியைக் கடந்து சேர்கிற சோடி. அது இங்க எடுபடுமா?

—

அக்கரையூர்க் காக்கா:

வானம் எடுபடும், மழை எடுபடாது. நெசவுப் பொண்ணு அபிஜித் நட்சத்திரம், ஆயன் திருவோணம். அந்த நாள் பெரும்பாலும் ஓகஸ்டில் விழும். ஓகஸ்ட் நடுவில் இரவு ஒன்பது மணிக்கு வாவிக்கரையில் நின்று பார்த்தால் திருவோணம் உச்சிக்குக் கிட்ட, கொஞ்சம் கிழக்கே சாய்ந்து நிற்கும். அபிஜித் வடக்கே, உச்சிக்கும் அடிவானத்துக்கும் இடையில் மூன்றில் ஒரு பங்கு கீழே. நடுவால் பால்வீதி போகும், ஆனா நகர வெளிச்சம் இல்லாத இடம் வேணும். இவ்வளவும் சீனத்துக் கதையோடு ஒத்துப்போகுது.

அன்றைக்கு மழை பெய்தால் அது அவங்கட கண்ணீர் என்று சீனத்தில் சொல்லுவாங்க. இங்க ஓகஸ்டில் கச்சான் காற்றுப் புழுதியடிக்கும், மழைக்குக் கார்த்திகை வரணும். அழாத சோடியாக எழுதுங்க. அவங்க கடக்கப் பாலம் போடுகிற பறவையும் (மேக்பை) இங்க இல்லாத பறவை. கொக்கு வைக்கலாம், ஆனா ஒரு நுணுக்கம்: அவங்க மிதித்துப் போறதால அந்தப் பறவைகளின் தலை மொட்டையாகும் என்று சீனத்தில் நம்பிக்கை. மிதிபட்டவங்களின் பக்கத்தில் இருந்து சொன்னால் புதுசாயிருக்கும். ஆயன் அவளைப் பிடித்த விதத்தையும் மறக்காதீங்க. குளிக்கும்போது உடுப்பை ஒளித்துத்தான் பிடிக்கிறான். அதைக் காதல் என்று எழுதினால் இன்றைக்கு வாசிக்கிற பொண்ணுகள் புத்தகத்தை மூடுவாங்க.

—

வாவிக்கரை:

அறிக்கை நடையில் ஜிங்வெய்யை வைத்து முயற்சி செய்தது. தொடக்கம் மட்டும்:

"நாவலடிக்கு மேற்கே வாவி. வாவிக்கு அப்பால் வயல். சோகமான அந்தக் கரையில் ஒரு சிறிய பறவை தினமும் வருகிறது. அதன் அலகில் எப்போதும் ஒரு கல். மறுகா அது கடலைப் பார்த்துத் தன் இழந்த பெயரைச் சொல்லி அழும். ஊரார் அதைக் கண்டு வியப்பார்கள்."

—

அக்கரையூர்க் காக்கா:

'சோகமான', 'இழந்த', 'அழும்' மூன்றையும் வெட்டுங்க. 'சிறிய' என்றால் எவ்வளவு? மைனாவளவா, காகமளவா? 'எப்போதும்' தேவையில்லை, 'தினமும்' ஏற்கனவே இருக்கு. வியக்கிற ஊராரை அனுப்பிவிடுங்க.

'மறுகா' (பிறகு) நல்ல சொல், ஆனா அறிக்கை எழுதுகிறவர் வாயில் வராது. அதைக் கதைக்குள் வாற கிழவிக்குக் கொடுங்க. எழுத்தில் ஒரு குரல், பேச்சில் ஒரு குரல். இரண்டையும் ஒரே வரியில் கலந்தால் யார் சொல்றாங்க என்று தெரியாமல் போகும்.

—

வாவிக்கரை:

"நாவலடிக்கு மேற்கே வாவி. வாவிக்கு அப்பால் வயல். வயலுக்கும் அப்பால் மலை. காகமளவு பறவை ஒன்று காலையில் மலைப்பக்கம் இருந்து வரும். அலகில் கல். கடலில் போட்டுவிட்டுத் தன் பெயரைச் சொல்லும். வாவியில் இறால் குறைவு."

—

அக்கரையூர்க் காக்கா:

இறால் வரியை முதல் பந்தியில் செலவழிக்காதீங்க. எடுத்துவைங்க, கதை முடியும்போது தேவைப்படும்.